எம்.எஸ். அசதி: பாட்டில் ஏற்ற ஓடுவதற்கு முன்

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணா, நாலு நாளா எந்திரிக்கவே முடியல. திரும்ப அட்டாக் வந்திருச்சு போல. பழைய சீட்டை வெச்சே பக்கத்துல மூணு பாட்டில் ஸ்டீராய்டு ஏத்திக்கட்டுமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குள் வந்த அதே கேள்வி. நான் யாரையும் கேட்காமல் நேராகப் போய் ஏற்றிக்கொண்டேன், அதுதான் வித்தியாசம்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மருத்துவன் அல்ல, இந்த நோயோடு பதினாலு வருடம் ஓட்டியவன். நன்றாகத் தூங்கு, வேளாவேளைக்குச் சாப்பிடு என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அசதி வந்தால் எங்களைப் போன்றவர்கள் செய்யும் தப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அசதி என்றாலே அழற்சி, அழற்சி என்றாலே ஸ்டீராய்டு

27 வயதில் எனக்கு இடது கண் மங்கியது. பெங்களூரில் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளைக்கு ஒரு கிராம் வீதம் ஐந்து நாள் நரம்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை, ஆனால் உடம்பில் அப்படி ஒரு தெம்பு. போர்வையை நாலு தடவை பிரித்து மடித்தேன், இரண்டு மணிக்கு உட்கார்ந்து மண்டியின் பழைய பாக்கியை எல்லாம் மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்தேன். மூளையில் இருக்கும் அழற்சியைத் தணிக்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போட்ட கணக்கு இதுதான்: அழற்சி தணிந்தால் தெம்பு வருகிறது, ஆக தெம்பு இல்லை என்றால் அழற்சி இருக்கிறது. இது பாதி சரி, அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்த்துவிடும்.

காய்ச்சல் வந்தால் கை கால் ஓய்ந்து, யார் பேசினாலும் எரிச்சலாகி, சுருண்டு படுக்கத் தோன்றுகிறது அல்லவா? கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற பொருள்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். எல்லாம் அந்த வகை. மூளையைப் 'போய்ப் படு' என்று சொல்ல வைப்பவை அவைதான். எம்.எஸ்.ஸில் கிருமி எதுவும் இல்லாமலே அந்த அணுக்கள் நரம்பின் மேலுறையான மையலினைத் தாக்குகின்றன, அப்போதும் இந்தச் சுரப்பு உண்டு. அதனால் நிஜமான ரிலாப்ஸில், அதாவது நோய் திரும்பத் தாக்கும்போது, அசதி கூடத்தான் செய்யும்.

ஆனால் வெள்ளம் வடிந்துவிட்டது என்பதற்காக உடைந்த கால்வாய்க் கரை தானாகக் கட்டிக்கொள்ளுமா? கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் வழியில் கரை உடைந்திருந்தால் கடைமடைக்காரனுக்கு ஈரம்தான் மிஞ்சும். மையலின் போன நரம்பு அப்படித்தான். ஒரு சின்ன வேலைக்கும் மூளை கூடுதலாக உழைக்கிறது, சுற்றுவழியில் செய்தி அனுப்புகிறது, சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. ஸ்டீராய்டு வெள்ளத்தை அடக்கும், கரையைக் கட்டாது. இது போக, வருடம் ஏற ஏற மூளைக்குள்ளேயே சாம்பலுக்கு அடியில் கங்கு மாதிரி கிடக்கும் அழற்சி ஒன்று உண்டு. கான்ட்ராஸ்ட் என்ற சாய ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அது பளிச்சென்று தெரியாது, பாட்டிலுக்கும் பெரிதாக மசியாது. எம்.ஆர்.ஐ.யில் தழும்புகளை எண்ணி, இவருக்கு இவ்வளவு அசதி இருக்கும் என்று சொல்லவும் முடியாது.

இதெல்லாம் அப்போது தெரியாது. மே மாதம், தோதாபுரி லாரி லாரியாக இறங்குகிற நேரம், பேனா பிடிக்கக் கை வரவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன், ஒரு கேள்வி கேட்காமல் மூன்று பாட்டில் ஏற்றினார்கள். ஒரு வாரம் ராஜா. அப்புறம் முன்னைவிடப் படுத்துவிட்டேன். புத்தி வந்ததா? அடுத்த வருடமும் போனேன். அந்தத் தடவை அசதியோடு அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் கடுப்பு. வெயிலுக்கு என்று நினைத்து நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அது சிறுநீர்த் தொற்று. தொற்று இருக்கும் உடம்பில் எதிர்ப்பை அடக்குகிற மருந்தைப் போய் ஏற்றினால் என்ன ஆகும்? இரண்டாம் நாள் கட்டில் ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம், சர்க்கரை 300ஐத் தாண்டியது, சேலத்தில் ஒன்பது நாள் படுக்கை, அந்த சீசன் சம்பளத்தோடு அம்மாவின் இரண்டு வளையலும் போயிற்று. ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரிலாப்ஸ் என்றால் புதிதாக ஒரு அறிகுறி வந்தோ பழையது கூடியோ 24 மணி நேரமாவது நீடிக்க வேண்டும், அதுவும் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல். வெறும் அசதி மட்டும் என்றால் முதலில் சிறுநீர், ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பாருங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் இரண்டுமே ஆளைத் தூக்கிச் சாய்க்கும். நிஜமான ரிலாப்ஸிலேயே ஸ்டீராய்டு சீக்கிரம் தேற வைக்குமே தவிர, பின்னால் வரப்போகும் ஊனத்தை மாற்றாது. அடிக்கடி ஏற்றினால் எலும்பு தேயும், சிலருக்கு இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போவதே நின்றுவிடும்.

அசதி போகவில்லை என்று தொடர் மருந்தை நிறுத்துவது

அந்த மருந்து அசதிக்கானது இல்லை, அடுத்த வெள்ளம் வராமல் தடுக்க. இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல்காரன் மாதிரி கிடப்பதும் உண்டு, ஏனென்றால் இன்டர்ஃபெரானே ஒரு சைட்டோகைன்தான். ராத்திரி போட்டுக்கொள்ளலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியல்

வெதுவெதுப்போடு நிறுத்துங்கள். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே மையலின் போன நரம்பு திணறும். உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை 1890இலேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவிட்டார், சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. சூடு தணிந்தால் திரும்பிவிடும், புது அழற்சி அல்ல.

தெம்பு மாத்திரை

அமான்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. எதுவும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

மஞ்சள் பால்

குடியுங்கள். ஊசியை விடாதீர்கள்.

நல்ல நாளில் எல்லா வேலையையும் முடிப்பது

நானும் செய்தேன். ஒரு நாள் தெம்பாக இருந்ததென்று மாடி முழுக்கக் கழுவிவிட்டு மூன்று நாள் படுத்தேன். படுத்தே கிடந்தாலும் இருக்கிற தசையும் போகும். இப்போது வெயிலுக்கு முன்னால் ஆறு மணிக்குப் பதினைந்து நிமிட நடை, மத்தியானம் மண்டியின் பின்னறையில் கோணிச் சாக்கு விரித்து அரை மணி. முதலாளி முதலில் முறைத்தார், இப்போது அவரே ஃபேனைத் திருப்பி வைக்கிறார்.

பாலக்கோட்டுத் தங்கச்சி நேற்று திரும்பக் கூப்பிட்டாள். சிறுநீர் சுத்தம், ஹீமோகுளோபின் 7.9. மாதவிலக்கில் போகும் ரத்தம் பற்றி இதுவரை யாரும் கேட்டதே இல்லையாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதி, பெண்கள் டாக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மாவுக்குத்தான் மனக்குறை, அவ்வளவு தூரம் போயும் ஒரு பாட்டில்கூட ஏற்றாமல் அனுப்பிவிட்டார்களே என்று.