பழைய தக்காளி விதை முளைக்குமா?

பாக்கெட்டில் இருக்கும் காலாவதி தேதி தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் தக்காளி விதையைக் குப்பையில் போடாதீர்கள். அந்தத் தேதி பெரும்பாலும் பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம். விற்கும் தக்காளி விதை குறைந்தது 70 சதவீதம் முளைக்க வேண்டும் என்று தரக்கட்டுப்பாடு இருக்கிறது, அதற்காகப் போடுவது. மருந்து மாதிரி அதைப் பார்க்க வேண்டியதில்லை.

நன்றாகக் காய்ந்து, ஈரமும் சூடும் படாத இடத்தில் இருந்த விதை 4, 5 வருஷம் தாராளமாக முளைக்கும், காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் இருந்தால் 10 வருஷம்கூடத் தாங்கும். அதே விதை சென்னை மாதிரி கடலோர ஊரில், அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில், வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டில் கிடந்தால் ஓரிரு வருஷத்திலேயே பாதி போய்விடலாம். விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்று விதை சேமிப்பில் ஒரு கணக்கு உண்டு. அதனால் எத்தனை வருஷம் ஆச்சு என்பதைவிட எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம்.

சந்தேகமாக இருந்தால் 10 விதையை எடுத்துச் சோதித்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து (சொட்டச் சொட்ட இருந்தால் விதை அழுகிவிடும்), விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி மடித்து, ஜிப் கவரில் போட்டு வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். புது விதை 5 முதல் 8 நாளில் வேர் விடும். பழசு சோம்பேறி, 2 வாரம் வரை பொறுக்க வேண்டும். 8 முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம், 5 என்றால் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். இரண்டு மூன்றுதான் வந்தது என்றால், வேறெங்கும் கிடைக்காத நாட்டு ரகமாக இருந்தால் மட்டும் மெனக்கெடுங்கள், இல்லாவிட்டால் புது பாக்கெட் வாங்குவதே லாபம். முளைத்ததை வீணாக்க வேண்டாம், வேர் பேப்பருக்குள் ஓடுவதற்குள் அப்படியே குழித்தட்டுக்கு மாற்றிவிடலாம்.

தண்ணீரில் போட்டு மிதந்தால் பொக்கு என்பார்கள். காய்ந்த தக்காளி விதைக்கு அதை நம்பாதீர்கள். மேலே பூனைமுடி மாதிரி இருக்கும் இழைகளில் காற்று தங்கி, நல்ல விதையும் மிதக்கும்.

சொந்தமாக விதை எடுப்பதாக இருந்தால் பிகேஎம் 1 மாதிரி ஹைப்ரிட் அல்லாத ரகமாகவோ நாட்டுத் தக்காளியாகவோ பார்த்து எடுங்கள், ஹைப்ரிட் பழத்தின் விதை முளைக்கும், ஆனால் செடி தாய் மாதிரி வராது. நன்கு பழுத்ததைப் பிழிந்து சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் வழுவழுப்பு கழன்றுவிடும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. உள்ளங்கையில் தேய்த்தால் சலசலவென்று தனித்தனியாக உதிர வேண்டும், அதுதான் பதம்.

அப்புறம் ரகம், வருஷம் எழுதிய காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், சரியாகக் காயாத விதை அங்கே செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் போகும்வரை சில மணி நேரம் விடுங்கள், உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் விதைமேல் வேர்த்துவிடும்.