எடை ஏறாத பிள்ளை, வாயைத் திறக்காத பிள்ளை: எங்கிருந்து தொடங்குவது?

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை எடை ஏறாமல், ஊட்டுவதையெல்லாம் துப்பிக்கொண்டும் இருந்தால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் போதும். "இன்னாமா, புள்ள இப்டி எளச்சிப் பூட்டுது, சோறு துன்றதில்லையா?" என்று யாராவது ஒரு ஆயா கேட்டுவிடுவார். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கிண்ணத்தோடு பிள்ளையின் பின்னால் ஓட ஆரம்பிக்கிறோம்.

ஓட வேண்டாம். அளவைக் கூட்டுவதற்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்டாமல், அது வாங்கிக்கொள்கிற நாலு வாயிலேயே சத்தைக் கூட்டுங்கள். எதை, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாம் இதற்கான வழிதான்.

படி 1: முதலில் எடை போடுங்கள்

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பால்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். அந்த அட்டையை வாங்கிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 வயதில் நடுத்தர எடை ஆண் பிள்ளைக்கு 12.2 கிலோ, பெண் பிள்ளைக்கு 11.5 கிலோ. ஆண் 9.7 கிலோவுக்கும் பெண் 9 கிலோவுக்கும் கீழே இருந்தால்தான் எடைக்குறைவு என்று சொல்வார்கள். 3 வயதில் அந்த எல்லை 11.3, 10.8.

ஒரு மாதத்து எடையைவிடப் புள்ளிகளைச் சேர்த்த கோடு போகும் திசைதான் முக்கியம். கோடு தாழ்வாக இருந்தாலும் மேலே ஏறிக்கொண்டே போனால் நல்லது. படுத்துக்கிடந்தாலோ கீழே இறங்கினாலோ கவனிக்க வேண்டும். இன்னொன்று, முதல் வருடத்தில் ஆறேழு கிலோ ஏறிய பிள்ளை இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை.

படி 2: பசியைக் கொல்வதை நிறுத்துங்கள்

நேற்று காலையிலிருந்து இரவு வரை பிள்ளையின் வாய்க்குள் போனதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். 'ஒன்னுமே சாப்பிடல' என்று சொல்கிற வீட்டில்கூட அந்தத் தாள் நிரம்பிவிடும். காலையில் டீயில் தோய்த்த பன், நடுவில் பாட்டில் பால், பெட்டிக்கடையில் தாத்தா வாங்கித் தந்த ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், அழுதபோது பிஸ்கட், மறுபடி பால். இத்தனைக்கும் அப்புறம் மதியச் சோற்றுக்கு வயிற்றில் இடம் எங்கே இருக்கும்?

பால் நாளுக்கு 400, 500 மில்லிக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றினாலே பாலின் அளவு தானாகக் குறையும். டீயை அறவே நிறுத்துங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும்.

படி 3: நேரம் வையுங்கள்

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை, மூன்று மணி நேரம். இடையில் தண்ணீர் மட்டும். முதல் சில நாள் அழுகை இருக்கும், வீட்டுப் பெரியவர்கள் மனம் கேட்காமல் எதையாவது கையில் கொடுப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். "அத்தை, மணி பன்னெண்டரைக்குச் சோறு, அதுவரைக்கும் தண்ணி மட்டும் குடுங்க" என்று நேரத்தோடு சொன்னால் ஒத்துழைப்பார்கள்.

படி 4: ஒவ்வொரு வாயிலும் சத்து ஏற்றுங்கள்

இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஆயிரம் கலோரியை ஒட்டித் தேவை. தண்ணியான ரசம் சாதத்தால் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பினால் கணக்கு எட்டவே எட்டாது. ஒரு தேக்கரண்டி நெய்யிலோ நல்லெண்ணெயிலோ சுமார் 45 கலோரி இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் ஒரு தேக்கரண்டி சேர்த்தால், பிள்ளை ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடாமலே நாளுக்கு 135 கலோரி உள்ளே போகும். பருப்பைக் கெட்டியாக வேகவைத்து மசியுங்கள். இட்லியை நல்லெண்ணெயும் காரமில்லாத வேர்க்கடலைப் பொடியும் தொட்டுக் கொடுங்கள். முழுக் கடலை மட்டும் வேண்டாம். ஐந்து வயது வரை அது மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு.

காசிமேடு பக்கத்தில் இருக்கும் நமக்கு நெத்திலி ஒரு வரம். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். உப்பு போட்டு நன்றாக அலசி, மஞ்சள் தூளோடு கால் டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவையுங்கள். வெந்த மீனை வாலுக்கு மேலே பிடித்து இரண்டாகப் பிளந்தால் நடு முள் நூல் மாதிரி கழன்று வரும். சதையை விரல் நுனியால் தேய்த்துப் பார்த்து, முள் இல்லை என்று உறுதியான பிறகே குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசையுங்கள். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கவிச்சி தெரியாது. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்வதால் சின்னப் பிள்ளைக்கு அடிக்கடி வேண்டாம்.

கஞ்சி குடிக்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டி, வறுக்காமல் வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் மாவு போட்டுக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியதும் இந்த முளைமாவு ஒரு தேக்கரண்டி கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் கஞ்சி இளகி ஓடும். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். அதே டம்ளரில் அதிகச் சத்து உள்ளே போகும். பால்வாடி சத்துமாவையும் ஒதுக்காதீர்கள். வெல்லம் கலந்தே வரும், நெய் விட்டு உருண்டை பிடித்தால் பல பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

படி 5: புது உணவைக் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப

தெரியாத உணவைப் பார்த்து மிரள்வது இந்த வயதின் குணம். ஒரு உணவைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகே வாயில் வைக்கும் பிள்ளைகள் நிறைய. பிடித்த இட்லிக்குப் பக்கத்தில் வேகவைத்த கேரட் ஒரு துண்டு வையுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், கீழே போடட்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

படி 6: தட்டின் முன்னால்

எல்லோரும் சாப்பிடும்போது பிள்ளையையும் கூடவே தரையில் உட்கார வையுங்கள். இருபது, முப்பது நிமிடம் போதும், அதற்குப் பிறகு தட்டை எடுத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, 'பூச்சாண்டி வருவான்' என்று மிரட்டுவது இரண்டும் சாப்பாடு என்றாலே பயத்தை உண்டாக்கும். செல்போனைக் காட்டி ஊட்டினால் அன்றைக்கு நாலு வாய் கூடலாம், ஆனால் பசித்ததும் வயிறு நிறைந்ததும் பிள்ளைக்கே தெரியாமல் போய்விடும்.

படி 7: டாக்டரிடம் எப்போது?

இரண்டு மூன்று மாதமாக எடை ஏறவில்லை அல்லது குறைகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருக்கிறது, அடிக்கடி வாந்தி, பேதி, விழுங்கும்போது திணறுகிறது, மண், சுண்ணாம்பு தின்கிறது, கண்ணும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். மேல் கையின் நடுவில் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் காட்ட வேண்டும். 11.5-க்குக் கீழே போனாலோ இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். பேர் சொன்னால் திரும்பாத, மொத்தமே நாலைந்து பதார்த்தம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றியும் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்தும் இரும்புச்சத்து சிரப்பும் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அளவை அவர்கள் சொல்லட்டும், கடையில் நீங்களே பசி டானிக் வாங்காதீர்கள். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. போகும்போது வளர்ச்சி அட்டையையும், மூன்று நாள் சாப்பாட்டை எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.