ஊற்றின் வலிமையைக் கணக்கிடுவது எப்படி: வாய்க்காலில் ஒரு குழாயை நட்டுப் பாருங்கள்

அமுங்காத பாய்மத்தில் ஊற்று என்றால் எல்லாத் திசையிலும் சமமாக நீரைத் தள்ளும் ஒரு புள்ளி. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மலையாளத்தில் படித்தவர்கள் ‘ஸ்ரோதஸ்ஸு’ என்பார்கள். அதன் வலிமை வேகத்தைக் குறிப்பதில்லை. வினாடிக்கு எவ்வளவு நீர் புறப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. தள்ளிப் போகப் போக வேகம் குறையும், அளவு குறையாது. அமுங்காத நீர் வழியில் எங்கும் அடைந்து நிற்க முடியாதல்லவா? உள்ளே இழுக்கும் புள்ளியானால், போர்வெல் மாதிரி, வலிமைக்குக் கழித்தல் குறி போடவேண்டும்.

இரு பரிமாணக் கணக்கில் ஊற்று ஒரு செங்குத்துக் கோடு. அதனால் வலிமையை ஒரு அலகு ஆழத்துக்குச் சொல்கிறோம்:

வலிமை = வினாடிக்கு வரும் நீர் ÷ ஆழம்
ஆர வேகம் (ஊற்றிலிருந்து நேர் வெளிநோக்கிய வேகம்) = வலிமை ÷ (2 × பை × தூரம்)

இதைத் தென்னந்தோப்பின் சிமெண்ட் வாய்க்காலிலேயே செய்து பார்க்கலாம். வாய்க்கால் 60 செ.மீ. அகலம், நீர் 5 செ.மீ. ஆழம், ஓட்டம் வினாடிக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றின் அடியை மூடி, நீருக்குள் இருக்கும் பகுதியில் சுற்றிலும் நெருக்கமாகத் துளை போடுங்கள். நாலே துளை போட்டால் நாலு பீய்ச்சல்தான் வரும், ஊற்று வராது. துளைகளின் மேல் கொசுவலையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் பீய்ச்சல் உடைந்து நீர் சீராக வெளியேறும். இதை வாய்க்காலின் நடுவில் நட்டு, 200 லிட்டர் டிரம்மிலிருந்து ஓஸ் குழாய் வழியே நீர் விடுங்கள். டிரம்மில் கொஞ்சம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்தால் ஊற்று நீர் ஊதா நிறத்தில் தனியாகத் தெரியும்.

முதலில் நீரின் அளவு. துளைக்குழாயை மாட்டியபடியே, அது நிற்கப்போகும் அதே உயரத்தில் 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். வெறும் ஓஸ் குழாயில் பிடித்தாலோ வாளியைத் தூக்கிப் பிடித்தாலோ அளவு மாறிவிடும். வாளி 25 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 400 கன செ.மீ.; 5 செ.மீ. ஆழத்தால் வகுக்க வலிமை வினாடிக்கு 80 சதுர செ.மீ. இந்த வேகத்தில் டிரம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். நீர்மட்டம் இறங்க இறங்க வலிமையும் இறங்கும். அதனால் டிரம்மை நிரம்பி வழியும் நிலையிலேயே வைத்திருங்கள்.

இனி ஊதா நீரைப் பாருங்கள். ஓட்டத்தை எதிர்த்துக் கொஞ்ச தூரம் போய், மூக்குப் போல வளைந்து, இருபுறமும் விரிந்து கீழே போகும். குழாய் மையத்திலிருந்து மூக்கு நுனிக்கு உள்ள தூரம் = வலிமை ÷ (2 × பை × ஓட்ட வேகம்), இங்கே 2.5 செ.மீ. குழாயின் ஆரமே 1.25 செ.மீ. ஆனதால் கண்ணுக்குத் தெரிவது ஒரு விரல் அகலம்கூட இருக்காது, 3 மி.மீ. தவறாக அளந்தால் விடை 12 சதவீதம் பிசகிவிடும். குழாய்க்கு நேர் பக்கவாட்டில் ஊதாப் பட்டையின் மொத்த அகலத்தை அளப்பதே மேல். கரைகளின் பாதிப்பை விட்டுவிட்டால் அது 8 செ.மீ. இருக்கவேண்டும், அதை ஓட்ட வேகத்தின் இரு மடங்கால் பெருக்க மறுபடி 80. அதே 3 மி.மீ. பிசகு இங்கே 4 சதவீதம்தான்.

தூரத்தில் பட்டை 16 செ.மீ. அகலத்துக்கு விரியும் என்று சூத்திரம் சொல்லும். வாய்க்காலில் 12.6-ஐ ஒட்டித்தான் நிற்கும். காரணம் கரைகள்: மேலிருந்து வரும் 1500 கன செ.மீ. நீரோடு நம்முடைய 400-ம் அதே 60 செ.மீ. அகலத்தில் போக வேண்டியிருப்பதால் கீழே வேகம் கூடிவிடுகிறது. சூத்திரம் எல்லையில்லாத பரப்புக்கானது. ஓட்ட வேகத்தைத் தக்கை மிதவிட்டு அளந்தால் அது மேற்பரப்பின் வேகம்; சராசரிக்கு 0.85-ஆல் பெருக்குவது வழக்கம்.

ஊற்றுக்குள் எவ்வளவு நீர் போகிறது என்று அளக்க முடியாத இடத்தில், அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எட்டுத் திசையில் ஆர வேகத்தை அளக்கவேண்டும். மேலே சொன்ன வாய்க்காலில், கரைகளை விட்டுவிட்டால், 10 செ.மீ. ஆரத்தில் ஓட்டம் போகும் திசையில் 6.27, ஓட்டம் வரும் திசையில் −3.73, பக்கங்களில் 1.27, இடைத்திசைகளில் 4.81-ம் −2.26-ம் (செ.மீ./வினாடி) வரும். எட்டின் சராசரி 1.27, சுற்றளவு 62.83-ஆல் பெருக்க ஏறக்குறைய 80. சீரான ஓட்டம் ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் கழித்துவிடுகிறது. ஓட்டம் போகும் திசையின் அளவை மட்டும் நம்பினால் 394, ஐந்து மடங்கு தவறு. வட்டத்துக்கு வெளியே வேறு ஊற்று இருந்தாலும் கவலையில்லை: அதன் நீர் உள்ளே வந்த அளவே வெளியேறும். அதன் பங்கு ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருக்கும் என்பதால் அது அருகில் இருந்தால் எட்டுக்குப் பதில் பதினாறு புள்ளி எடுங்கள்.

தேர்வுத்தாளில் வேகம் சூத்திரமாக வரும். எக்ஸ் திசையில் 4எக்ஸ் ÷ (எக்ஸ்² + ஒய்²), ஒய் திசையில் 4ஒய் ÷ (எக்ஸ்² + ஒய்²) என்றால், ஆர வேகம் 4 ÷ தூரம். வலிமை 8 பை, அதாவது 25.13. டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து நீர் விரிந்து வெளியேறும் அளவு) சுழி, ஆகவே வலிமையும் சுழி என்று பலர் எழுதுகிறார்கள். ஆதிப்புள்ளியில் வேகம் முடிவிலியாகிறது. அங்கே டைவர்ஜென்ஸ் தேற்றம் செல்லாது. நீர் முழுவதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் வருகிறது.

இதே கணக்குக்குக் கணிதத் துறைப் பாடநூல்கள் பலவற்றில் விடை வெறும் 4. அவற்றில் வலிமை ‘எம்’ என்றால் வெளியேறும் நீர் 2 பை எம். முப்பரிமாணத்தில் 4 பை எம். பொறியியல் நூல்களில் வெளியேறும் நீரே வலிமை. இரண்டும் சரி, கலந்தால்தான் தவறு. உங்கள் நூல் எந்த வழக்கம் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஊற்று சுவரை ஒட்டி இருந்தால் நீர் அரைவட்டத்துக்குள்தான் பரவும்: 2 பைக்குப் பதில் பை. சுவரிலிருந்து தள்ளி இருந்தால், சுவருக்கு அப்பால் அதே தூரத்தில் அதே வலிமையுள்ள பிம்ப ஊற்று ஒன்றைச் சேர்த்துச் சுவரை மறந்துவிடலாம்.

போர்வெல்லுக்கும் இதே வாய்ப்பாடுதான், ஆழத்துக்குப் பதில் நீர்தாங்கு அடுக்கின் கனம். 200 லிட்டர் டிரம்மை 80 வினாடியில் நிரப்பும் மோட்டார், 10 மீட்டர் அடுக்கு என்றால் வலிமை வினாடிக்கு −2.5 சதுர செ.மீ. மணலடுக்கில் இது நன்றாகப் பொருந்தும். சித்தூர் தாலுகாவில் அடியில் கிடப்பது கடினப்பாறை; நீர் வெடிப்புகள் வழியே ஓரிரு திசையிலிருந்து மட்டும் வருவதால், இந்த எண்ணை வைத்துப் பக்கத்துத் தோப்புக் கிணற்றின் நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது.