நோட்பேடில் ஓர் எழுத்து வரைவோம்: பிஎன்எம் படக்கோப்பும் அதை பிஎன்ஜி ஆக்கும் வழியும்

ஒரு படக்கோப்புக்குள் என்னதான் இருக்கிறது என்று ஜேபெக்கையோ பிஎன்ஜியையோ நோட்பேடில் திறந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. உள்ளே இருப்பதெல்லாம் சுருக்கப்பட்ட பைட்டுகள். சுருக்கமே இல்லாத, கண்ணால் வாசிக்கக்கூடிய வடிவம் ஒன்று உண்டு: பிஎன்எம். 1980களில் ஜெஃப் பொஸ்கான்சர் இதன் முதல் வடிவத்தை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது. எழுத்துகளை மட்டுமே நம்பி அனுப்பக்கூடிய அன்றைய மின்னஞ்சலில் படமும் சிதையாமல் போய்ச் சேரவேண்டும். அதனால்தான் இதை எழுத நோட்பேடே போதும். பார்க்கவும் மாற்றவும் கிம்ப் என்ற இலவச மென்பொருள் வேண்டும். விண்டோஸில் பார்க்க மட்டும் என்றால் இர்ஃபான்வியூவும் ஆகும்.

முதல் படம்: கறுப்பு வெள்ளை

நோட்பேடில் இதைத் தட்டுங்கள். முதல் வரியில் 'பி' இருக்கும் இடத்தில் P என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை இடவேண்டும்.

பி1
7 6
0 0 0 0 0 0 0
0 1 0 0 0 1 0
0 1 0 0 0 1 0
0 1 0 0 0 1 0
0 1 1 1 1 1 0
0 0 0 0 0 0 0

கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். 1கள் சேர்ந்து 'ப' என்ற எழுத்தாக நிற்கும்.

முதல் வரி, இது எந்த வகைக் கோப்பு என்று சொல்கிறது. பி1 கறுப்பு வெள்ளை, பி2 சாம்பல் சாயல்கள், பி3 வண்ணம். அடுத்த வரியில் முதலில் அகலம், பிறகு உயரம். மீதியெல்லாம் பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் சிறு கட்டங்கள்: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். 1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை. நடுவே குறிப்பு எழுத விரும்பினால் # குறியில் தொடங்கும் தனி வரியாக எழுதலாம். மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும்.

சேமிக்கும்போது கோப்பின் பெயர் முடிவில் புள்ளி வைத்து பிஎன்எம் (pnm) என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடுங்கள். 'சேவ் அஸ் டைப்' பகுதியில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்பேட் தானாகவே டிஎக்ஸ்டி என்று பின்னால் ஒட்டிவிடும். என்கோடிங் 'யுடிஎஃப்-8' என்று இருக்கட்டும். 'வித் பிஓஎம்' என்று வால் உள்ளதைத் தொடாதீர்கள்: அது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகளைச் செருகும், முதல் எழுத்து 'பி' ஆக இல்லாததால் மென்பொருள் கோப்பையே அடையாளம் காணாது. தமிழ் விசைப்பலகையில் இருப்பவர்கள் எண்கள் ௧, ௨ என்று விழாமல் 1, 2 என்றே விழுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் சாய்ந்து தெரிந்தால்

அகல உயரத்தை 6 7 என்று மாற்றி எழுதிப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பல பக்க விளக்கத்துக்குச் சமம். 7 × 6 ஆனாலும் 6 × 7 ஆனாலும் 42தான். எண்ணிக்கை சரியாக இருப்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆனால் 'ப'வின் கால்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து, சாய்கோடுகளாகிவிடும்.

காரணம் இதுதான்: நீங்கள் வரி மாற்றி எழுதியது உங்கள் கண்ணுக்காக மட்டுமே. மென்பொருளுக்கு அது 42 எண்கள் கொண்ட ஒரே நீள நாடா. அதை எங்கே மடிக்கவேண்டும் என்பதை அகல எண்தான் முடிவு செய்கிறது. வேறு எந்த வடிவத்திலும் படம் சாய்ந்து கிழிந்து தெரிந்தால் முதலில் அகலத்தைச் சந்தேகப்படுங்கள்.

சாம்பலுக்கு மாற்றும்போது

பி1 என்பதை பி2 ஆக்கினால் மட்டும் போதாது. அகல உயரத்துக்குக் கீழே உச்ச மதிப்பு என்று இன்னொரு எண் வேண்டும். அங்கே 1 என்று எழுதிப் பாருங்கள்: கறுப்புப் பின்னணியில் வெள்ளை 'ப' வரும். பி2வில் 0 கறுப்பு, உச்ச எண் வெள்ளை. பி1க்கு நேர் எதிர். அந்த இடத்தில் 255 என்று எழுதினால் படம் முழுவதும் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் 255இல் 1 என்பது கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்குக் கறுப்பு. ஆகவே 255 வைத்தால் 0களை 255 ஆகவும் 1களை 0 ஆகவும் மாற்றவேண்டும்.

வண்ணம்

பி3இல் ஒரு பிக்சலுக்கு மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். 255 0 0 என்றால் சிவப்பு. 255 255 0 என்றால் மஞ்சள். மூன்றும் 255 என்றால் வெள்ளை.

நம் 'ப'வைச் சிவப்பாக்க, பி1 கோப்பில் நோட்பேடின் 'ரீப்ளேஸ்' வசதியே போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் எல்லா 0களையும் 255 255 255 ஆக்குங்கள். பிறகு 1களை 200 0 0 ஆக்குங்கள். தலைகீழாகச் செய்தால் புதிதாக வந்த 200இன் 0களும் மாறி எல்லாம் குழம்பிவிடும். இரண்டாவது மாற்றத்தில் முதல் வரியின் பி1ம் பி200 0 0 ஆகியிருக்கும். கடைசியாக அதை பி3 என்று திருத்தி, அகல உயரத்துக்குக் கீழே 255 சேருங்கள்.

வரி 70 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்று விதி உண்டு, இங்கே தாண்டுகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் பொருட்படுத்துவதில்லை. உறுத்தினால் வரியை எங்கே வேண்டுமானாலும் உடையுங்கள், ஓர் எண்ணின் நடுவில் மட்டும் வேண்டாம்.

பிஎன்ஜி ஆக்குவது

கிம்ப்பில் திறந்தால் 7 பிக்சல் படம் கடுகளவுதான் தெரியும். 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' சென்று 350 × 300 ஆக்குங்கள். அங்கேயே 'இன்டர்போலேஷன்' என்பதை 'நன்' என்று மாற்றுவது அவசியம். மறந்தால் கட்டங்களின் ஓரங்கள் கரைந்து மங்கிவிடும். பிறகு 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட் அஸ்' சென்று, பெயரின் முடிவில் பிஎன்ஜி என்று ஆங்கில எழுத்துகளில் இட்டு ஏற்றுமதி செய்யுங்கள். 'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும்.

இந்த மாதிரிப் படத்துக்கு ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது படத்தை 8 × 8 பிக்சல் துண்டுகளாக வெட்டிச் சுருக்குவதால் கூர்மையான ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். பிஎன்ஜி ஒரு பிக்சலைக்கூட மாற்றாது.

எதிர்த்திசையிலும் போகலாம். ஏதேனும் ஒரு சிறு பிஎன்ஜியைத் திறந்து பிஎன்எம் ஆக ஏற்றுமதி செய்தால் 'ரா' வேண்டுமா 'ஆஸ்கி' வேண்டுமா என்று கிம்ப் கேட்கும். 'ஆஸ்கி' என்றால் நோட்பேடில் வாசிக்கலாம். 'ரா' என்றால் தலைப்பு வரி பி4, பி5, பி6 என்று தொடங்கும். எண்கள் எழுத்தாக இல்லாமல் நேரடி பைட்டுகளாக இருக்கும், எனவே நோட்பேடில் திறந்து சேமித்தால் கோப்பு கெட்டுவிடும். பின்னணி ஒளி ஊடுருவும்படி இருந்த படமானால் அந்தத் தகவலும் போய்விடும், இவற்றில் அதற்கு இடமே இல்லை.

அளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 640 × 480 வண்ணப் படம் பி6இல் 640 × 480 × 3 = 9,21,600 பைட்டுகள், கூடவே தலைப்புக்கு 15 பைட்டுகள். அதே அளவில் முழு வெள்ளைப் படத்தை பி3இல் எழுதினால் ஒவ்வொரு 255க்கும் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி என 36,86,400 பைட்டுகள் ஆகும்.