மிச்சிகனுக்குப் புதிதா? காஸ் ஏரிக்கரையைப் பழகிக்கொள்ளுங்கள்

ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் வேலை கிடைத்து வந்திறங்கியிருப்பீர்கள். வீடு பார்ப்பது, கார் வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது என்று முதல் சில மாதங்கள் ஓடிவிடும். அப்புறம் நயாகரா போகலாம், மேக்கினா தீவு போகலாம் என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓர் ஏரிக்கரையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். வாட்டர்ஃபோர்டில், காஸ் ஏரியின் கரையில் இருக்கும் ‘டாட்ஜ் நம்பர் 4’ ஸ்டேட் பார்க்கைச் சொல்கிறேன்.

ஓக்லாண்ட் கவுண்டியில் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. பனியுகத்தின் கடைசியில் பின்வாங்கிய பனிப்பாளங்கள் விட்டுப்போன பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து உண்டானவை அவை. ஆனால் காரில் போகும்போது மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரியுமே தவிர, இறங்கிப்போக வழி இருக்காது. கரை முழுக்க வீடுகள், வீட்டுக்காரரின் புல்வெளி, ‘அத்துமீறி நுழையாதீர்’ பலகை. நம் ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரி நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

காஸ் ஏரி இந்தக் கவுண்டியிலேயே பெரியது, சுமார் 1,280 ஏக்கர். அதைச் சுற்றிலும் பெரிய பெரிய பங்களாக்கள். அதில் ஏறக்குறைய ஒரு மைல் நீளக் கரை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. அதுதான் இந்தப் பூங்கா. மொத்தப் பரப்பே 139 ஏக்கர்தான். கார் கம்பெனி நடத்திய ஜான், ஹொரஸ் டாட்ஜ் சகோதரர்கள் இருவரும் 1920-இல் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரில் மாநிலத்துக்குத் தானமாக வந்த நிலங்களுக்கு வரிசை எண் கொடுத்திருந்தார்கள். இந்த இடத்துக்கு அந்த எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. இரண்டு அறை அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவரும், ஏரிக்கரையில் பங்களா வைத்திருப்பவர் பார்க்கும் அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மாலை முழுக்க உட்காரலாம். இந்த மாநிலம் நமக்குத் தரும் சலுகைகளில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

நுழைவதற்கு வேண்டியது ‘ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்’. 2010-இல் வந்த ஏற்பாடு இது. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் கார் நம்பர் பிளேட் பதியும்போதோ புதுப்பிக்கும்போதோ சேர்த்து வாங்கிவிடுங்கள். பிளேட்டில் ஒட்டும் ஸ்டிக்கரிலேயே ‘பி’ என்ற எழுத்து அச்சாகி வரும். ஆண்டுக்குச் சுமார் 15 டாலர். மிச்சிகனின் எல்லா ஸ்டேட் பார்க்குகளுக்கும் அது ஒன்றே போதும். வாசலில் போய் வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகும். கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகலாம், தனியாக ஒன்றும் கட்ட வேண்டாம். வேறு மாநில பிளேட்டோடு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் வெளியூர்க் கட்டணம் கேட்பார்கள்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பாதீர்கள். கார் நிறுத்தும் இடம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வார நாளில் வேலை முடிந்து, டப்பாவில் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குப் போய்ச் சேருங்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். மூன்று மணி நேரம் பகல் வெளிச்சம் பாக்கி இருக்கும். கரி அடுப்பில் சோளம் சுட்டால், எரிந்த கரியை அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். வீட்டிலிருந்து விறகு எடுத்துப்போகாதீர்கள். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு வட அமெரிக்காவில் 2002-இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இந்தத் தென்கிழக்கு மிச்சிகனில்தான். விறகோடு விறகாகப் பயணம் செய்து, பல மாநிலங்களில் கோடிக்கணக்கான மரங்களை அது அழித்துவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். உயிர்காப்பாளர் யாரும் இருக்க மாட்டார்கள். நீந்தும் பகுதியை மிதவைகள் கட்டிப் பிரித்திருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. இந்த ஏரியில் 100 அடிக்கு மேல் ஆழமான இடங்கள் உண்டு. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக் கூடாது. படகில் போனால் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் சட்டப்படி கட்டாயம். புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்கை, முழங்கால் மூடும் நீச்சல் உடைகள் கடையில் சுலபமாகக் கிடைக்கின்றன. அதை வாங்கிவிட்டால் கூச்சமும் இல்லை, ஆபத்தும் இல்லை. மே மாத வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீர் அப்போதும் பனிக்கட்டி போட்டதுபோல் இருக்கும். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரைதான் குளிக்கப் பக்குவமாக இருக்கும். கரையேறியதும் துண்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். நத்தைகளிலும் நீர்ப்பறவைகளிலும் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி தோலில் ஒட்டினால் அரிப்பும் சிவந்த தடிப்பும் வரும். வாத்துக்கும் கனடா வாத்துக்கும் ரொட்டி போட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டால் கரையை விட்டு நகராது, மணலெல்லாம் எச்சம்.

பறவைகளைச் சும்மா பார்த்தாலே பொழுது போய்விடும். அரை ஆள் உயரத்துக்கு ஒரு நீல நாரை நாணல் ஓரம் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். சாய்ந்து கிடக்கும் மரத்துண்டில் ஓவிய ஆமைகள் வரிசையாக ஏறிக் கழுத்தை நீட்டி வெயில் காயும். கழுத்திலும் கால்களிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் இருக்கும். மிச்சிகனின் மாநில ஊர்வன இதுதான். ஒன்று நம் காலடிச் சத்தம் கேட்டுத் தண்ணீரில் குதித்தால் மற்றதெல்லாம் தொப் தொப்பென்று பின்னாலேயே குதிக்கும். ஆரஞ்சு அலகு அன்னப்பறவை அழகுதான், ஆனால் வசந்தத்தில் குஞ்சு வைத்திருக்கும்போது கிட்டப் போனால் சீறிக்கொண்டு துரத்தும்.

மரத்தடியில் ஒதுங்கும்போது மூன்று மூன்று இலையாக வளரும், பட்டால் அரிப்பு வரும் பாய்சன் ஐவி கொடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். மான் உண்ணியால் லைம் நோய் வரும். தோலோடு ஒட்டினாற்போல் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

அக்டோபர் நடுவில் மேப்பிள் இலைகள் நிறம் மாறும்போது ஒரு தடவை போங்கள், கூட்டமே இருக்காது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் ஆட்கள் குடிசை போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்து நாமும் நடக்கலாம் என்று தோன்றும். தெளிவான பனிக்கட்டியே குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும், அதுவும் ஏரி முழுக்க ஒரே சீராக இருக்காது. க்ளின்டன் ஆறு இந்த ஏரி வழியாக ஓடுகிறது. ஓட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். பழக்கப்பட்டவர் துணையில்லாமல் கரையை விட்டு இறங்காதீர்கள்.

மீன் பிடிக்க 17 வயது ஆனவர்களுக்கு லைசன்ஸ் வேண்டும், அதற்குக் கீழே வேண்டாம். பிப்ரவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு வார இறுதிகளில் லைசன்ஸ் இல்லாமலே யாரும் பிடிக்கலாம். ஜூன் வார இறுதியில் ஒரு சின்னத் தூண்டிலும் ஒரு டப்பா மண்புழுவும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு போங்கள். உள்ளங்கை அளவு புளூகில் மீன் கரையோரத்திலேயே கடிக்கும்.