ஜப்பானியக் கூட்டாஞ்சோறு: வீட்டில் நண்பர்களோடு நடத்துவது எப்படி?

ஜப்பானியச் சாப்பாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, சோற்று உருண்டையின் மேல் மீன் துண்டை அழகாகப் படுக்க வைத்த நிகிரி சுஷி. அதை வீட்டில் முயல வேண்டாம். அது வருடக்கணக்கில் கை பழகியவர்களின் வேலை. ஜப்பானியர்களே வீட்டில் நாலு பேர் கூடினால் வேறொன்றைத்தான் செய்கிறார்கள்: ஒரு பெரிய பாத்திரத்தில் வினிகர் கலந்த சோறு, சுற்றிலும் தட்டுத் தட்டாக உள்ளே வைக்கும் பொருள்கள், பக்கத்தில் நோரி என்கிற கடற்பாசித் தாள். அவரவர் கையால் சுருட்டிச் சாப்பிட வேண்டியதுதான். இதன் பெயர் தெமாக்கி சுஷி.

ஆளுக்கொன்று கொண்டுவரும் விருந்துக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. சோறு உங்கள் பொறுப்பு, உள்ளே வைப்பது நண்பர்கள் பொறுப்பு. கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டாலும் ஒரு தட்டு குறையும், அவ்வளவுதான்.

1. முதலில் கேளுங்கள்

ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. எட்டைத் தாண்டினால் எல்லாருடைய கையும் எல்லாத் தட்டுக்கும் எட்டாது. ஒரு வாரம் முன்பே குழுவில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

“சனிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு எங்க வீட்ல ஜப்பான் சாப்பாடு. சோறும் சூப்பும் நான் பாத்துக்கறேன். நீங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க, என்னன்னு நாளைக்குச் சொல்றேன். முட்டை, மீன், இறால், கோதுமை, எள், ஆல்கஹால்... இதுல யாருக்கு எது ஆகாதுன்னு இப்பவே சொல்லிடுங்க.”

இந்தப் பட்டியல் சும்மா போட்டதல்ல. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். சமையலில் இனிப்புக்குச் சேர்க்கும் அசல் மிரினில் (இனிப்பான அரிசி மது) 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. சைவ நண்பர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளமான டாஷி என்ற சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவலில் தயாராவது. மிசோ (நொதிக்க வைத்த சோயா விழுது) சூப்பைப் பார்த்தால் சைவம் போலவே இருக்கும், ஆனால் உள்ளே மீன் சாறு. சில மிசோ பாக்கெட்டுகளில் டாஷியைக் கலந்தே விற்கிறார்கள். லேபிளைப் படிக்காமல் எதையும் ‘சைவம்’ என்று மேசையில் வைக்காதீர்கள்.

2. யார் எதைக் கொண்டுவருவது?

“எதாவது கொண்டு வாங்க” என்று சொன்னால் நாலு பேர் இனிப்போடு வந்து நிற்பார்கள். பேர் பேராகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆறு பேரில் நீங்கள் போக ஐந்து பேர்:

- ஒருவர்: டூனா மயோனைஸ் (டப்பா டூனாவை நன்றாகப் பிழிந்து மயோனைஸோடு பிசைந்தது), அதோடு வேகவைத்து உரித்த இறால்.
- ஒருவர்: தமாகோயாகி. லேசாகச் சர்க்கரையும் சோயா சாஸும் கலந்த முட்டையை மெல்லிய அடுக்காக ஊற்றி, சுருட்டிச் சுருட்டிப் பொரித்து நீளமாக நறுக்கியது. இதைக் கொஞ்சம் சமைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.
- ஒருவர்: வெள்ளரி, கேரட், ஷீட்டாகே காளான். காளானைச் சோயா சாஸ், சர்க்கரையில் சுண்ட வைத்தால் அசைவக்காரர்களும் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள்.
- ஒருவர்: பக்கத்துக்கு ஏதாவது. எள் அரைத்துப் பிசறிய கீரை (கோமா-ஆயே) அல்லது உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே (பச்சை சோயா காய்).
- சமைக்கவே வராதவர்: பானமும் பழமும். கிரீன் டீ, பார்லி டீ இரண்டும் பொருந்தும்.

டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்த காய், இறால்) செய்துகொண்டு வருகிறேன் என்று யாராவது ஆர்வமாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் சாப்பிட வேண்டியது அது. வழியிலேயே நமுத்துவிடும். ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான், ஊறிப்போகும். ஆறினாலும் சுவை குறையாததை மட்டும் பிறரிடம் ஒப்படையுங்கள்.

பச்சை மீனும் வேண்டாம். ஒட்டுண்ணிகளை ஒழிக்க மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரை நிச்சயமாகத் தரும் என்று சொல்ல முடியாது. ‘ஃப்ரெஷ்ஷா இருக்கு’ என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

3. சோறு

விருந்தின் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது, எனவே நிதானமாகச் செய்யுங்கள்.

அரிசி குட்டையான ஜப்பானிய வகையாக இருக்க வேண்டும். நீள அரிசிச் சோறு உதிரும், சுருட்ட வராது. ஜப்பானிய ரைஸ் குக்கரோடு வரும் அளவுக் கோப்பை 180 மில்லி, அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். ஆறு பேருக்கு நான்கு கோப்பை, அதாவது 600 கிராம்.

1. அரிசியைக் களைந்து களைந்து, தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவுங்கள். வடித்துவிட்டு அரிசி அளவுக்கே தண்ணீர் (720 மில்லி) ஊற்றி அரை மணி நேரம் ஊற விடுங்கள்.
2. ரைஸ் குக்கரில் வேக வையுங்கள். அணைந்ததும் திறக்காமல் 10 நிமிடம் புழுங்க விடுங்கள்.
3. அதற்குள் 120 மில்லி அரிசி வினிகர், 4 மேசைக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி உப்பு மூன்றையும் கலந்து லேசாகச் சூடாக்குங்கள். கரைந்தால் போதும், கொதிக்கக் கூடாது.
4. சோற்றை அகலமான பாத்திரத்தில் கொட்டி, சூடு இருக்கும்போதே வினிகரைப் பரவலாக ஊற்றுங்கள். ஆறிய சோறு அதை உள்ளே இழுக்காது.
5. கரண்டியால் வெட்டுவதுபோலக் கிளறுங்கள். பிசையாதீர்கள், கூழாகிவிடும். இன்னொருவர் விசிறினால் ஈரம் சட்டென்று வற்றி, பருக்கையில் ஒரு மினுமினுப்பு வரும்.
6. கைச்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், விறைத்துப்போகும்.

முதல்முறை செய்கிறவர்கள் விருந்துக்கு முன் ஒரு நாள், ஒரு கோப்பை அரிசியில் செய்து பார்த்துவிடுவது நல்லது. உங்கள் குக்கருக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடக் குறைய வேண்டியிருக்கலாம்.

4. சூப்

எல்லாரும் சாப்பிடும்படி கொம்பு டாஷியே செய்துவிடுங்கள். கொம்பு என்பது தடித்த கடற்பாசி. 1908இல் கிகுனே இகெதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் இதன் சாற்றிலிருந்துதான் அதற்குச் சுவை தரும் குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, இரண்டு மூன்று உலர்ந்த ஷீட்டாகே. முந்தின இரவே போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. மறுநாள் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிடுங்கள். டோஃபு (சோயா பனீர்) துண்டுகளைப் போட்டுக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 4 மேசைக்கரண்டி மிசோவைக் கரையுங்கள். உப்பைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். மிசோ போட்டபின் கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

5. மேசை

காகித விளக்கு, செர்ரிப்பூ அலங்காரம் எல்லாம் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அதற்குப் பதில் ஆளுக்கொரு சூடான ஈரத்துண்டு கொடுங்கள். ஓஷிபோரி என்கிற இந்த வழக்கம் கையால் சாப்பிடும் விருந்துக்கு உண்மையிலேயே உதவும்.

சோறு நடுவில் இருக்கட்டும். ஆளுக்கொரு சின்னத் தட்டு, சோயா சாஸுக்கு ஒரு குட்டிக் கிண்ணம். வசாபி என்கிற பச்சை நிறக் கார விழுதைத் தனியாக வையுங்கள், காரம் தெரியாமல் உருண்டையாக வாயில் போடுகிறவர் ஒருவராவது இருப்பார். நோரி ஆளுக்கு மூன்று முழுத் தாள், பாதியாக வெட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். அவகாடோ வைப்பதாக இருந்தால் அதையும் அப்போதுதான் நறுக்க வேண்டும்.

சாப்ஸ்டிக் வைத்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றக் கூடாது. இரண்டும் ஜப்பானில் இறப்புச் சடங்கோடு சேர்ந்தவை.

6. சுருட்டுவது

எல்லாரும் உட்கார்ந்து, ஜப்பானியர்கள் சாப்பிடும் முன் சொல்லும் “இத்தாதாக்கிமாஸ்” சொன்னதும், ஒன்றை நீங்கள் சுருட்டிக் காட்டுங்கள். பாதித் தாளை வழுவழுப்பான பக்கம் கீழே இருக்கும்படி இடது உள்ளங்கையில் வையுங்கள். இடது பாதியில் மட்டும் சோற்றை மெல்லிசாகப் பரப்புங்கள், இரண்டு மேசைக்கரண்டி தாராளம். அதன்மேல் விரல் நீளத் துண்டுகளைக் குறுக்குவாட்டில் வைத்து, கீழ் மூலையிலிருந்து மடித்து ஐஸ்கிரீம் கோன்போலச் சுருட்டுங்கள். முனையில் ஒரு பருக்கையை ஒட்டினால் பிரியாது. சுருட்டியதும் சாப்பிட்டுவிட வேண்டும், நேரமானால் நோரி ஈரம் இழுத்து ரப்பராகிவிடும்.

முதல் கோனில் எல்லாரும் சோற்றை அள்ளி வைப்பார்கள், அது கிழியும். மூன்றாவதில் தானாகச் சரியாகிவிடும்.

சுருட்டவே பிடிக்காதவர் இருந்தால் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு மேலே எல்லாவற்றையும் தூவிக் கொடுங்கள். அதுவும் ஜப்பானிய முறைதான். மார்ச் 3 அன்று வரும் பொம்மைத் திருவிழாவில் சிராஷி சுஷி என்று இப்படித்தான் பரிமாறுகிறார்கள்.

இனிப்புக்கு மோச்சி (பிசுபிசுப்பான அரிசி உருண்டை) வாங்கினால் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மிகச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

டூனா, முட்டை, இறால் தட்டுகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மிஞ்சிய காய்களை மறுநாள் சூப்பில் போடலாம். மிஞ்சிய நோரி நமுத்திருந்தால் அடுப்புத் தணலுக்கு மேலே சில நொடி காட்டுங்கள், மறுபடி மொறுமொறுப்பாகிவிடும்.