பிள்ளைகளுக்கு நரம்பியல் ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம் படிவ அறிவியலில் முதல் பாடமே தூண்டலும் துலங்கலும்தான், நான்காம் படிவ உயிரியலில் அதுவே இன்னும் விரிவாக வருகிறது. அதனால் கோலாலம்பூர் செந்தூலில் என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நியூரான் (நரம்பணு) படம் வரையத் தெரியும், பாகங்களின் பெயரெல்லாம் மலாயில் மனப்பாடம். ஆனால் "உன் நரம்பு இப்போது என்ன செய்கிறது, காட்டு பார்ப்போம்" என்றால் விழிப்பார்கள். முதல் வருடம் நான் பிளாஸ்டிக் மூளையை மேசையில் வைத்துப் பெயர் சொல்லிக் கொடுத்துத்தான் தொடங்கினேன், இரண்டாவது வாரமே பாதிப் பேர் வரவில்லை. இப்போது முதல் மூன்று வாரம் மூளைப் பக்கமே போவதில்லை. பிள்ளை தன் உடம்பில் எதையாவது அளக்கட்டும், பெயர்கள் அப்புறம் ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரத்துக்கு ஒரு அளவுகோலும் கைப்பேசியும் போதும். ஒருவர் அளவுகோலை விட, இன்னொருவர் பிடிக்கட்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் அது 0.2 நொடி, விழும் பொருளுக்கு இயற்பியலில் படித்த அதே கணக்குதான். பிறகு எல்லாரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் தோளை அழுத்தினால் அடுத்தவர் தோளை அழுத்த வேண்டும் என்று ஒரு சுற்று ஓட விடுங்கள், நேரம் குறியுங்கள். அடுத்த சுற்று தோளுக்குப் பதில் கணுக்கால். கணுக்காலிலிருந்து மூளைக்குச் செய்தி போக ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல் தூரம். உதாரணத்துக்கு, 20 பேர் இருந்து கணுக்கால் சுற்று 0.4 நொடி அதிகம் எடுத்தால், ஆளுக்கு 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகம். ஒன்று கவனியுங்கள். ஐந்து தோள் சுற்றை முடித்துவிட்டு ஐந்து கணுக்கால் சுற்று வைத்தால் அதற்குள் எல்லாருக்கும் கை பழகிவிடும், கணக்கு கெட்டுப்போகும். இரண்டையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளை நரம்பில் இந்த வேகத்தை அளந்தார், அதை அளக்கவே முடியாது என்றுதான் அவருடைய ஆசிரியர் முல்லரே நினைத்திருந்தார். இந்தக் கதையை அளந்து முடித்த பிறகு சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரம் பாசாரிலிருந்து சோத்தோங் (கணவாய்). சைவக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், படம் வரைகிற வேலையைக் கொடுங்கள். உடலை நீளவாக்கில் கீறி விரித்தால் உள்சுவரில் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போல ஒரு சின்ன முடிச்சு, அதிலிருந்து வெள்ளை நூல்கள் பிரிந்து போகும். அந்த நூல்களுக்குள்தான் ராட்சத ஆக்சான், அதாவது செய்தி கடத்தும் நீண்ட நரம்பிழை, ஓடுகிறது, சில இனங்களில் அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் வரை வரும். அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதற்குள் மின்முனையை நுழைத்து, நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று 1952-ல் சமன்பாடாகவே எழுத முடிந்தது. நாம் சம்பல் வைக்கிற சோத்தோங்கின் உறவுக்காரருக்கு ஒரு நோபல் பரிசில் பங்கு உண்டு.

மூன்றாவது வாரத்தை அவசரப்படுத்தாதீர்கள், எல்லாமே இங்கேதான் இருக்கிறது. அர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), வயர், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் எல்லாம் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். தசை சுருங்கும்போது எழும் மின் அலையைப் படிக்கிற தசை சென்சார் வாங்கும்போது, பதப்படுத்தாத (raw) அலையையும் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்கைத் தசைமேல் இரண்டு ஒட்டுப்பட்டை, முழங்கை எலும்பில் ஒன்று, ஒட்டும் முன் தோலை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓடட்டும், பட்டை உடம்பில் இருக்கும்போது சார்ஜர் செருகவே கூடாது. உடம்பிலிருந்து படிக்கிற கருவி மட்டும்தான், மின்சாரம் செலுத்துகிற எதுவும் வகுப்பில் வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

போன வருடம் ஒரு மாணவி கையைத் தளர்த்தி வைத்திருந்தும் திரையில் ஒரு அலை சீராக ஓடிக்கொண்டே இருந்தது. "சார், என் நரம்பு நிற்கவே மாட்டேங்குது" என்றாள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று எண்ணச் சொன்னேன். 20 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 50 முறை, 50 ஹெர்ட்ஸ். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் லேப்டாப்போடு எழுந்து, ஃபேன் பக்கத்திலிருந்து நடைபாதைக்குப் போனாள், அலை சுருங்கியது. அது 50 ஹெர்ட்ஸில் ஓடுகிற வீட்டு மின்சாரத்தின் இரைச்சல். அந்த ஐந்து நிமிடம் அவள் செய்தது முழு ஆராய்ச்சி. அடுத்த கேள்வியும் அவளுடையதே: 50 ஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டி எடுத்துவிடலாமா? எடுக்கலாம், ஆனால் தசையின் அலையும் ஏறக்குறைய 20-லிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால் அதிலும் ஒரு துண்டு போய்விடும்.

அப்புறம் அந்த அலையை சர்வோவில் இணைத்து அட்டைப்பெட்டியில் செய்த கையை மூட வையுங்கள். அலை எந்த அளவைத் தாண்டினால் கை மூட வேண்டும் என்ற எல்லைக்கோட்டைத் தாழ்வாக வைத்தால் கை தானாக மூடும், உயர்த்தினால் தசை வலிக்க முறுக்க வேண்டும். எங்கே வைப்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், விடுங்கள். 2004-ல் உடல் செயலிழந்த ஒருவரின் மூளையில் நாலு மில்லிமீட்டர் சதுரச் சில்லைப் பொருத்தி, அவர் நினைப்பாலேயே கணினிச் சுட்டியை நகர்த்தச் செய்தார்கள். இரைச்சலுக்கு நடுவே எது கட்டளை என்று பிரிக்கிற தொல்லை அவர்களுக்கும் இருந்தது. காது கேளாதவர்களுக்கு உட்செவியில் பொருத்துகிற காக்ளியர் கருவியையும் இங்கே சொல்லலாம். உட்செவியில் சுமார் 3,500 உள்வரிசை மயிரணுக்கள் செய்கிற வேலையை 20 சொச்சம் மின்முனைகள் ஏற்கின்றன, அப்படியும் பலருக்குப் பேச்சு புரிகிறது. எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்று பாடத்திட்டத்தை மூடிவிட்டு அதையே பேசுங்கள்.

பெற்றோர் "இது டாக்டர் படிப்பா?" என்று கேட்பார்கள். மருத்துவம் ஒரு வழிதான், மின்னணுவியல், கணிதம், நிரலாக்கம் வழியாகவும் வரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோலாலம்பூரிலேயே மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறை இருக்கிறது. அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகம் என்றாலே நமக்குப் பினாங்குதான் நினைவு வரும், ஆனால் அதன் நரம்பியல் துறை கிளந்தானில் குபாங் கெரியான் வளாகத்தில்.

ஆய்வுக்கூடத்துக்கு எழுத ஆசைப்படுகிற பிள்ளையிடம் "எனக்கு மூளை பிடிக்கும்" என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறு வரி போதும்: என்ன அளந்தேன், எது குழப்பியது, உங்கள் ஆய்வில் எதைப் படித்தேன், ஒரு நாள் வந்து பார்க்கலாமா. கூடவே தான் பதிவு செய்த அலையின் படம் ஒன்றையும் இணைக்கட்டும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு இருந்தாலும் பரவாயில்லை.